பேச்சு எங்கே அறுந்தது? உடல் செயலிழந்தவர்களைப் பற்றிய படங்களைப் பார்ப்பதற்கு ஒரு பின்னணி

2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதன்முதலாக ஒரு மனிதரின் மூளையில் சிப் பொருத்தியது. 'பேச முடியாதவர் இனிப் பேசுவார்' என்ற தொனியில் அந்தச் செய்தி பகிரப்பட்டது. ஆனால் அவர் தண்டுவடக் காயத்தால் கை, கால் இயங்காமல் போனவர். பேச்சில் ஒரு குறையும் இல்லை. சிப் அவருக்குக் கொடுத்தது கணினித் திரையில் அம்புக்குறியை நகர்த்தும் வசதி. நேரலையில் செஸ் ஆடியபடி அவரே அதைப் பற்றி வாய்விட்டுப் பேசினார்.

இந்தக் குழப்பத்தில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. படுக்கையில் அசையாமல் ஒருவர் கிடந்தால் நம் ஊரில் எல்லாமே 'கோமா' அல்லது 'வாதம்'. உண்மையில் வெவ்வேறு நோய்கள், வெவ்வேறு இடத்தில் பாதையை அறுக்கின்றன. எந்த இடத்தில் அறுந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தால், ஒரு படம் எதை நேர்மையாகக் காட்டுகிறது, எதை எடிட்டிங்கில் தாண்டிப் போகிறது என்பதும் பிடிபடும்.

முதலில் சில சொற்கள்

1. கோமா: கண் மூடியிருக்கும், விழிப்பும் இல்லை, உணர்வும் இல்லை. பெரும்பாலும் சில வாரங்களுக்கு மேல் நீடிக்காது. ஒன்று தேறுவார்கள், அல்லது இறப்பார்கள், அல்லது கண் திறந்தும் உணர்வற்ற நிலைக்குப் போவார்கள்.

2. தண்டுவடக் காயம்: கழுத்தில் அடிபட்டால் அதற்குக் கீழே இயக்கமும் தொடு உணர்வும் போகும். முகத்துக்கும் நாக்குக்கும் போகும் நரம்புகள் தண்டுவடம் வழியாகப் போவதில்லை. அதனால் பேச்சு பெரும்பாலும் தப்பிவிடும்.

3. ஏ.எல்.எஸ்.: தசையை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் நோய். கை, கால், தொண்டை என ஒவ்வொன்றாகப் போகும். கண் அசைவு கடைசிவரை தாக்குப்பிடிப்பதே வழக்கம்.

4. பெருமூளை வாதம்: பிறப்பையொட்டி மூளையில் ஏற்படும் பாதிப்பு. தசைக்கு வலு இருக்கும், கட்டுப்பாடு இருக்காது. பேச்சு குழறும்.

5. லாக்டு-இன் சிண்ட்ரோம்: மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸின் முன்பக்கம் சிதைவது. பெரும்பாலும் அதற்கு ரத்தம் கொண்டுபோகும் பேசிலார் ரத்தக்குழாய் அடைபட்டு வரும் பக்கவாதமே காரணம். 1966-ல் பிளம், போஸ்னர் என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள் வைத்த பெயர் இது. அறிவு, கேட்கும் திறன், பார்வை எல்லாம் முழுசாக இருக்கும். மூளையிலிருந்து கீழே இறங்கும் கட்டளை மட்டும் போய்ச் சேராது.

ஐந்தாவதில் ஒரு நுட்பம் உண்டு. கண்ணை இடம் வலமாக நகர்த்தும் நரம்பு மையங்கள் பான்ஸிலேயே இருப்பதால் அவையும் போய்விடும். மேலும் கீழும் பார்க்க வைக்கும் மையமும் இமையைத் தூக்கும் மையமும் அதற்கு மேலே, நடுமூளையில் இருக்கின்றன. எனவே மிஞ்சுவது மேல்-கீழ்ப் பார்வையும் இமைத்தலும்தான். ஏ.எல்.எஸ். நோயாளிக்குப் பயன்படும், நாலு மூலையிலும் எழுத்து ஒட்டிய கண்ணாடிப் பலகை லாக்டு-இன் நோயாளிக்கு உதவாது. இரண்டும் 'கண்ணால் பேசுவது'தான் என்று நினைத்து வாங்கி வந்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

'தி டைவிங் பெல் அண்ட் தி பட்டர்ஃபிளை': இமையின் கணக்கு

'எல்' என்ற ஃபேஷன் பத்திரிகையின் பிரெஞ்சுப் பதிப்பாசிரியர் ஜான்-டொமினிக் போபி. 1995 டிசம்பர் 8-ல் பக்கவாதம் வந்து, சுமார் 20 நாள் கோமாவில் இருந்து, விழித்தபோது இடது இமை மட்டுமே அவர் சொன்னதைக் கேட்டது. வலது இமை மூடாமல் நின்றதால், விழிப்படலம் காய்ந்து புண்ணாகாமல் இருக்க அதைத் தைத்துவிட்டார்கள். வடக்கு பிரான்ஸின் கடற்கரை ஊரான பெர்க்கில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி அவர் ஒரு புத்தகமே சொல்லி எழுதவைத்தார். அது 1997 மார்ச்சில் வெளிவந்தது. சில நாட்களில் அவர் இறந்தார். ஜூலியன் ஷ்னாபெல் 2007-ல் எடுத்த படத்துக்குக் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது.

படத்தின் முதல் பகுதி முழுக்க அந்த ஒற்றைக் கண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி. ஃபோகஸ் நழுவுகிறது, எதிரே நிற்பவரின் தலை சட்டகத்தில் பாதி வெட்டுப்படுகிறது, இமை தைக்கப்படும் காட்சியை உள்ளேயிருந்தே பார்க்கிறோம். பேச்சுப் பயிற்சியாளர் வந்து எழுத்து வரிசையை வாசிக்கத் தொடங்குகிறார்: இ, எஸ், ஏ, ஆர், ஐ, என்... வேண்டிய எழுத்து வந்ததும் ஓர் இமைப்பு.

அகர வரிசையில் வாசிக்காததற்குக் காரணம் எளிது. பிரெஞ்சில் அடிக்கடி வரும் எழுத்துகள் முன்னால் நிற்கின்றன. 'நன்றி' என்று பொருள்படும் 'மெர்சி'யை எடுத்துக்கொள்வோம். அதில் எம், இ, ஆர், சி, ஐ என்ற ஐந்து எழுத்துகள்.

1. வழக்கமான ஏ, பி, சி, டி வரிசையில்: 13 + 5 + 18 + 3 + 9. எதிரே இருப்பவர் 48 எழுத்துகள் வாசிக்க வேண்டும். 5 இமைப்பு.

2. போபியின் வரிசையில்: 11 + 1 + 4 + 14 + 5 = 35. அதே 5 இமைப்பு.

3. அதே வரிசையை ஐந்தைந்தாக அடுக்கி, 'முதல் வரிசையா, இரண்டாவதா' என்று கேட்டுவிட்டு உள்ளே போனால்: 4 + 2 + 5 + 7 + 6 = 24. ஆனால் ஓர் எழுத்துக்கு இரண்டு முறை ஒப்புதல் தர வேண்டும், ஆக 10 இமைப்பு.

மூன்றாவது முறை வேகமானது, நோயாளிக்குச் சிரமமானது. இமை தளர்ந்தவருக்கு இரண்டாவதே மேல். வாசிப்பவர் அலுத்துப்போகிற குடும்பத்துக்கு மூன்றாவது. யாருடைய களைப்பை மிச்சப்படுத்துவது என்ற கேள்விதான் ஒவ்வொரு எழுத்துப் பலகைக்குள்ளும் இருக்கிறது.

இப்படி ஒரு சொல்லுக்குச் சராசரியாக இரண்டு நிமிடம், மொத்தம் சுமார் 2 லட்சம் இமைப்பு என்று அந்தப் புத்தகத்துக்குக் கணக்குச் சொல்வார்கள். பத்துச் சொல் வாக்கியத்துக்கு இருபது நிமிடம்.

இங்கேதான் படம் கொஞ்சம் சலுகை எடுத்துக்கொள்கிறது. போபியின் மனக்குரல் நமக்கு மட்டும் கேட்கிறது. கிண்டலும் எரிச்சலுமாக, சாதாரணப் பேச்சின் வேகத்தில். அறையில் இருப்பவர்கள் இருபது நிமிடம் காத்திருந்து பெறுவதை நாம் உடனுக்குடன் பெற்றுவிடுகிறோம். அந்தக் குரல் இல்லையென்றால் படம் நகராது, அது சரிதான். ஆனால் 'போபியின் நிலையை அனுபவித்தேன்' என்று திரையரங்கை விட்டு வருபவர் அனுபவித்தது அவர் பார்த்த காட்சியைத்தான், அவர் காத்திருந்த நேரத்தை அல்ல.

(தமிழில் இந்த முறை அப்படியே செல்லாது. 247 எழுத்தையும் நொடிக்கு ஒன்றாக வாசித்தாலும் ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம் ஆகும். மூன்று படியாகப் பிரிப்பதே வழி: வல்லினமா, மெல்லினமா, இடையினமா? அதில் ஆறில் எது? பிறகு எந்த உயிர்? உயிரில் தொடங்கும் சொல்லுக்கு நாலாவதாக ஒரு வரிசை. இதெல்லாம் பழகும் வரை சளி உறிஞ்சு, திருப்பிப் படுக்க வை, வலி, அரிப்பு, தண்ணீர், மூச்சு என்று பத்துப் பன்னிரண்டு தேவைகளுக்கு எண் போட்டு, ஓர் அட்டையில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிடுவது உடனடிப் பலன் தரும்.)

எங்கெல்லாம் பிசகும்

படங்களில் 'ஒரு முறை இமைத்தால் ஆம், இரண்டு முறை என்றால் இல்லை' என்று சொன்னதும் உரையாடல் தொடங்கிவிடும். நடைமுறையில் பிசகுவது இவற்றில்:

1. எல்லோரும் நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது முறை தன்னிச்சையாக இமைக்கிறோம். எது பதில், எது தன்னிச்சை என்று தெரியாது. அதனால் 'ஆம் என்றால் மேலே பார், இல்லை என்றால் கண்ணை நீளமாக மூடு' என்று வைப்பது பாதுகாப்பானது.

2. 'ஆம்' மட்டுமே பதிலாக வரும் கேள்விகளைக் கேட்டு மகிழ்ந்துவிடுவது. விடை நமக்குத் தெரிந்த கேள்விகளில் பாதி 'ஆம்', பாதி 'இல்லை' என்று கலந்து கேட்க வேண்டும். மயக்க மருந்தின் வீரியத்திலோ காய்ச்சலிலோ ஒரு முறை தோற்றால் அதை முடிவாக எடுக்கக் கூடாது. வேறு நேரத்தில், நிமிர்த்தி உட்காரவைத்து மறுபடி பார்க்க வேண்டும்.

3. முந்திக்கொண்டு ஊகிப்பது. போபியே எழுதியிருக்கிறார்: மூக்குக்கண்ணாடி கேட்க 'லுனெத்' என்று எழுத்துக் கூட்டத் தொடங்கினார். 'லூன்' வரை வந்ததும், நிலாவை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார்களாம். ஊகம் நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் ஒவ்வொரு ஊகத்துக்கும் 'சரியா?' என்று கேட்டு ஒப்புதல் வாங்கியாக வேண்டும்.

4. நோயாளியின் கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் நகர்த்துவது. இது முற்றிலும் வேறு விஷயம், ஆபத்தானதும்கூட. 23 ஆண்டுகள் உணர்வில்லாதவர் என்று கருதப்பட்ட ஒரு பெல்ஜியக்காரர் விரலால் தட்டெழுதிப் பேசுகிறார் என்று 2009-ல் உலகமெங்கும் செய்தி வந்தது. உதவியாளர் அறையில் இல்லாதபோது நோயாளிக்கு ஒரு பொருளைக் காட்டி, பிறகு உதவியாளரை அழைத்து, 'என்ன பார்த்தீர்கள்' என்று கேட்டார்கள். விடை வரவில்லை. அதுவரை எழுதியது உதவியாளர்தான் என்று 2010-ல் தெளிவானது. அந்த மனிதருக்கு உணர்வு இருந்தது என்பது ஸ்கேனில் தெரிந்த தனிச்செய்தி. அவர் பேரில் வெளிவந்த வாக்கியங்கள் மட்டும் அவருடையவை அல்ல. போபி முறையில் உதவியாளர் நோயாளியின் உடலைத் தொடுவதே இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒப்புதல் வருகிறது.

'ஜானி காட் ஹிஸ் கன்': கண்டுகொள்ளப்படாதவன்

டால்டன் டிரம்போ 1939-ல் எழுதிய தன் நாவலைத் தானே 1971-ல் படமாக எடுத்தார். முதல் உலகப் போர் வீரன் ஜோ போனம். கை கால் போய், முகமே போய், கண், காது, வாய் எதுவும் இல்லை. மருத்துவ ரீதியில் இது வாதம் அல்ல. ஆனாலும் லாக்டு-இன் நிலையின் முதல் பிரச்சினையை, அதாவது 'உள்ளே ஆள் இருக்கிறான்' என்று வெளியே தெரியாமல் இருப்பதை, இவ்வளவு உக்கிரமாகப் பேசிய படம் குறைவு. மருத்துவமனை கறுப்பு வெள்ளையில், நினைவும் கனவும் வண்ணத்தில்.

ஜோ தலையணையில் தலையை மோதி, புள்ளியும் கோடுமாக எழுத்துகளைக் குறிக்கும் மோர்ஸ் குறியீடு அனுப்புகிறான். மருத்துவர்கள் அதை வலிப்பு போன்ற அனிச்சை அசைவு என்று எடுத்துக்கொண்டு ஊசி போடுகிறார்கள். இது கதைக்காகச் செய்த மிகை அல்ல. பிரான்ஸில் லாக்டு-இன் நோயாளிகளிடையே எடுத்த ஓர் ஆய்வில், நோயாளிக்கு உணர்வு இருக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர் பாதிக்கு மேற்பட்டோர் விஷயத்தில் குடும்பத்தினர்தான். மருத்துவர் முதலில் கண்டது நான்கில் ஒன்றுக்கும் குறைவு. வீட்டார் மணிக்கணக்கில் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மருத்துவர் சுற்றுக்கு வந்து போகிறார் என்பதைத் தவிர இதில் மர்மம் இல்லை.

படத்தின் சிறந்த காட்சி மறுமுனையில் இருக்கிறது. ஒரு செவிலி அவன் மார்பில் விரலால் ஒவ்வோர் எழுத்தாக வரைந்து கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்கிறாள். வெளியே போகும் பாதையைப் பற்றியே எல்லாப் படங்களும் கவலைப்படும்போது, உள்ளே போகும் பாதை ஒன்றை யோசித்த காட்சி இது. அவனுக்குத் தேதியே அப்போதுதான் தெரிகிறது. கடைசியில் மோர்ஸும் புரிந்துகொள்ளப்படுகிறது. 'என்னை ஊர் ஊராகக் காட்சிக்கு வையுங்கள், இல்லையென்றால் கொன்றுவிடுங்கள்' என்கிறான். ராணுவம் இரண்டையும் மறுக்கிறது.

'மை லெஃப்ட் ஃபுட்': பார்வையாளருக்கும் வேலை

ஜிம் ஷெரிடன் இயக்கிய இந்த 1989 படம் டப்ளின்காரர் கிறிஸ்டி பிரவுனின் கதை. பெருமூளை வாதம், சொன்னபடி கேட்பது இடது கால் ஒன்றுதான். கால் விரலிடுக்கில் சாக்குக்கட்டியைப் பிடித்துத் தரையில் எழுதுகிறார். கணக்கில் பார்த்தால் இது இமையைவிடப் பல மடங்கு அகலமான பாதை. இமை 'ஆம்' என்று மட்டுமே சொல்லும், கால் கோடு இழுக்கும். அதனால்தான் அவரால் ஓவியமும் வரைய முடிந்தது.

இந்தப் படத்தை நான் மற்றவற்றுக்கு மேலே வைப்பதற்குக் காரணம் வேறு. இதில் நமக்குத் தனிச்சலுகையாக ஒரு மனக்குரல் கிடையாது. டேனியல் டே-லூயிஸ் பேசும் குழறல் முதலில் புரிவதில்லை. அம்மாவுக்குப் புரிகிறது, அவர் பதில் சொல்வதை வைத்து நாமும் பிடித்துக்கொள்கிறோம். படம் பாதி தாண்டும்போது பெரும்பகுதி நமக்கே நேரடியாகப் புரியத் தொடங்குகிறது. குழறல் குறைந்ததோடு நம் காதும் பழகியிருக்கிறது. வீட்டில் நடப்பதும் இதுதான். வெளியாட்கள் 'அவருக்குப் பேச வராது' என்று முடிவு கட்டும் இடத்தில், வீட்டார் சர்வ சாதாரணமாக அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். டே-லூயிஸுக்கும் அம்மாவாக நடித்த பிரெண்டா ஃபிரிக்கருக்கும் ஆஸ்கர் கிடைத்தது. இரண்டாவது விருது முதலாவதற்குச் சளைத்ததல்ல.

'தி தியரி ஆஃப் எவ்ரிதிங்': குரல் வந்த பிறகு

ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு ஏ.எல்.எஸ். இருப்பது 1963-ல் தெரிந்தது. 1985-ல் ஜெனீவா சென்றபோது நிமோனியா வந்து, மூச்சுக்காகக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தினார்கள். எஞ்சியிருந்த குழறல் பேச்சும் அதோடு போனது. எழுத்தட்டையில் யாராவது சரியான எழுத்தைத் தொட்டால் புருவத்தை உயர்த்துவது அடுத்த கட்டம். பிறகு வால்ட் வோல்டாஸ் எழுதிய 'ஈக்வலைசர்' மென்பொருள்: திரையில் சொற்பட்டியல் ஓடும், வேண்டியது வரும்போது கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நன்றாக இருந்த காலத்தில் நிமிடத்துக்கு 15 சொல் வரை வந்தது. கை ஓய்ந்த பிறகு கன்னத்தசையின் அசைவை மூக்குக்கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணரி பிடித்தது. கடைசி ஆண்டுகளில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சொல்தான்.

2014-ல் வந்த படம் இதில் எழுத்தட்டைக் காட்சியை நன்றாகச் செய்திருக்கிறது. அட்டையைப் பிடித்தபடி மனைவி கெஞ்ச, ஹாக்கிங் ஒத்துழைக்க மறுத்துக் கண் கலங்குகிறார். அட்டையை ஏற்பது என்றால் பேச்சு போனதை ஏற்பது. மருத்துவமனைகளில் அட்டைகள் தூசு படிந்து கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் கணினிக் குரல் வந்ததும் படம் நிம்மதிப் பெருமூச்சு விட்டு நகர்ந்துவிடுகிறது. ஒரு பதிலுக்குப் பல நிமிடம் எதிரே இருப்பவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய அந்த மௌனம் திரையில் இல்லை. நாம் மேடையில் கேட்ட ஹாக்கிங் உரைகள் முன்கூட்டியே தயாரித்தவை என்பதால், அவர் சரளமாகப் 'பேசினார்' என்ற எண்ணம் ஏற்கெனவே பரவலாக இருந்தது. படம் அதை உறுதிப்படுத்துகிறது.

பேச்சு இருக்கும் படங்கள்

ஸ்பெயின் படமான 'மார் அதெந்த்ரோ' (2004), இந்திப் படம் 'குஸாரிஷ்' (2010), பிரெஞ்சுப் படத்தைத் தழுவித் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த 'தோழா' (2016) மூன்றிலும் நாயகன் கழுத்துக்குக் கீழே இயங்காதவன், நன்றாகப் பேசுகிறவன். 'குஸாரிஷ்' நாயகன் வானொலி அறிவிப்பாளராகவே இருக்கிறான். இவற்றை மேலே சொன்னவற்றோடு ஒரே பட்டியலில் சேர்ப்பது தவறு. இங்கே பிரச்சினை சொல்ல முடியாததல்ல, சொன்னதை நீதிமன்றமோ குடும்பமோ ஏற்காதது.

2022-23-ல் வேகம் எவ்வளவு

2023-ல் 'நேச்சர்' இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வந்தன. மூளைத்தண்டுப் பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒரு பெண்ணின் மூளை மேற்பரப்பில் மின்முனைகள் பொருத்தி, நிமிடத்துக்கு 78 சொல் எட்டினார்கள். ஏ.எல்.எஸ். உள்ள இன்னொருவருக்கு 62 சொல். இரண்டிலும் பெரிய சொற்களஞ்சியத்தில் ஏறத்தாழ நாலு சொல்லுக்கு ஒன்று பிழையாக வந்தது. இயந்திரமும் ஊகித்துத்தான் வேலை செய்கிறது. மறுகோடியில், கண் அசைவும் போய்விட்ட ஓர் ஏ.எல்.எஸ். நோயாளி, ஒலியின் ஏற்ற இறக்கத்தை மூளையலையால் கட்டுப்படுத்தி நிமிடத்துக்குச் சுமார் ஓர் எழுத்து வீதம் வாக்கியம் அமைத்ததாக 2022-ல் ஓர் ஆய்வு சொன்னது. செய்தித் தலைப்பில் இரண்டுமே 'மூளையால் பேசினார்'.

சாவைக் கேட்கும் நாயகர்கள்

ஜோ போனம், 'மார் அதெந்த்ரோ'வின் ரமோன் சம்பெத்ரோ, 'குஸாரிஷ்' நாயகன் மூவரும் சாக அனுமதி கேட்கிறார்கள். சம்பெத்ரோ நிஜ மனிதர். 25 வயதில் கடலில் குதித்துக் கழுத்து முறிந்து, 1998-ல் இறந்தார், அவர் கேட்டதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் இந்தப் படங்களை வரிசையாகப் பார்ப்பவருக்கு, இந்நிலையில் உள்ள எல்லோரும் இதைத்தான் விரும்புவார்கள் என்று தோன்றும். லாக்டு-இன் நோயாளிகளுக்காகப் போபி தொடங்கிய 'அலிஸ்' சங்கத்தின் உறுப்பினர்களிடம் எடுத்து 2011-ல் வெளியான ஆய்வில், பதில்களைக் கணக்கில் எடுத்த லாக்டு-இன் நோயாளிகள் 65 பேர். அவர்களில் 47 பேர் தங்களை மகிழ்ச்சியானவர்கள் என்று குறித்தார்கள். கருணைக்கொலையை விரும்பியவர்கள் 7 சதவீதம்.

இந்த எண்ணை அப்படியே விழுங்கவும் கூடாது. கேள்வித்தாளுக்குப் பதில் அனுப்பாதவர்களும் நிறைய, அவர்கள் நிலை மோசமாக இருந்திருக்கலாம். கவனிக்க வேண்டியது, மகிழ்ச்சியாக இல்லை என்றவர்கள் காட்டிய காரணங்கள்: வெளியே போய்வர முடியாதது, பொழுதுபோக்கு இல்லாதது, பேச்சு கொஞ்சமும் திரும்பாதது. இந்த நிலையில் அதிக ஆண்டுகள் கழித்தவர்கள் மகிழ்ச்சியானவர்கள் பக்கம் கூடுதலாக இருந்தார்கள். போபிக்கு அந்த ஆண்டுகள் கிடைக்கவில்லை. பக்கவாதத்துக்கும் மரணத்துக்கும் இடையே அவருக்கு இருந்தது பதினைந்து மாதம். சினிமாவுக்கு அந்தப் பதினைந்து மாதம் போதுமானதாக இருந்தது. பத்தாவது ஆண்டில் இருக்கும் லாக்டு-இன் நோயாளி ஒருவரை, சாய்தளம் இல்லாத வாசற்படியில் சக்கர நாற்காலியைத் தூக்க இரண்டு பேர் வர வேண்டும் என்று அவர் காத்திருப்பதை, மேலே சொன்ன எந்தப் படமும் தொடவில்லை.